18 வயது நிறைந்தால் அடுத்து என்ன? சிறப்புத் தேவையுள்ள மாணவர்களைச் சுயசார்பு வாழ்வுக்குத் தயார்படுத்துவது எப்படி?

புதுதில்லி: அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்ற பாதிப்புகளுடன் வளரும் பிள்ளைகளின் பெற்றோரை வாழ்நாள் முழுவதும் துரத்தும் கேள்வி ஒன்று உண்டு. 'எங்கள் காலத்துக்குப் பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்?' என்பதே அது. அதற்கு முன்பே கேட்கப்பட வேண்டிய வேறொரு கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமல் போகிறது. பிறர் பார்த்துக்கொள்ள வேண்டிய அளவை எவ்வளவு குறைக்க முடியும், அந்தப் பணியை வீடும் பள்ளியும் எந்த வயதில் தொடங்க வேண்டும் என்பதே அக்கேள்வி.

பள்ளியில் படிக்கும் வரை, நிறைவாகவோ குறையாகவோ, ஓர் ஏற்பாடு இருக்கிறது. சிறப்பாசிரியர், இயன்முறைப் பயிற்சி, போக்குவரத்துப் படி, உதவித்தொகை, தேர்வில் கூடுதல் நேரம் என ஏதோ ஒரு வகையில் அரசின் கை நீள்கிறது. பள்ளிப் படிப்பு முடியும் நாளில் இவற்றில் பெரும்பகுதி ஒரே நேரத்தில் நின்றுவிடுகிறது. ஏறத்தாழ அதே ஆண்டில்தான் அந்த மாணவர் சட்டத்தின் பார்வையில் வயது வந்தவர் ஆகிறார். வாக்குரிமை, ஒப்பந்தம் செய்யும் உரிமை, சொத்தை நிர்வகிக்கும் உரிமை ஆகியவை அவரிடம் வந்து சேர்கின்றன. உதவி குறையும் வேளையில் பொறுப்பு கூடுகிறது.

இதன் விளைவு புள்ளிவிவரங்களில் தெரிகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். அவர்களில் ஆண்களில் 47 சதவீதத்தினரும் பெண்களில் 23 சதவீதத்தினரும் மட்டுமே வேலை செய்பவர்கள். 2018ஆம் ஆண்டு ஜூலை முதல் டிசம்பர் வரை நடத்தப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 76ஆவது சுற்றில், 15 வயதும் அதற்கு மேலும் உள்ள மாற்றுத்திறனாளிகளில் பத்தாம் வகுப்போ அதற்கு மேலோ முடித்தவர்கள் 19.3 சதவீதம் மட்டுமே எனத் தெரியவந்தது. வேலையில் இருப்போர், வேலை தேடுவோர் இரு தரப்பையும் சேர்த்த தொழிலாளர் பங்கேற்பு விகிதம் 23.8 சதவீதம்.

சட்டம் எதுவரை துணை நிற்கிறது?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை இது 21 ஆக உயர்த்தியது. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் 6 முதல் 18 வயது வரை, அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை அச்சட்டத்தின் 31ஆவது பிரிவு வழங்குகிறது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இட ஒதுக்கீடும், வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் 32ஆவது பிரிவில் உள்ளன. அரசுப் பணிகளில் 4 சதவீத ஒதுக்கீட்டுக்கு 34ஆவது பிரிவு வழிவகுக்கிறது. அதில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு முதன்முறையாக ஒதுக்கப்பட்டது.

பள்ளிக்கான உரிமையும் வேலைக்கான உரிமையும் இவ்வாறு தனித்தனியே எழுதப்பட்டுள்ளன. இரண்டுக்கும் இடையே பாலம் அமைக்கும் கடமை எவருக்கும் தெளிவாக ஒப்படைக்கப்படவில்லை. பள்ளியை விட்டு வெளியேறும் ஒவ்வொரு மாணவருக்கும் எழுத்துப்பூர்வமான மாற்றத் திட்டம் தயாரிக்க வேண்டும் என்ற கட்டாயம் இச்சட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் மாணவர் 16 வயதை எட்டும்போது அவரது தனிநபர் கல்வித் திட்டத்தில் இந்த அம்சம் இடம்பெற்றாக வேண்டும். இங்கிலாந்தில் ஒன்பதாம் ஆண்டு வகுப்பிலிருந்தே, அதாவது 13 அல்லது 14 வயதிலிருந்தே, வேலை, வீடு, நட்பு, உடல்நலம் ஆகிய நான்கையும் முன்வைத்து ஆண்டுதோறும் திட்டம் மறுபரிசீலனை செய்யப்படுகிறது. தேவைப்பட்டால் 25 வயது வரை அது நீட்டிக்கப்படுகிறது. இந்தியாவில் இப்பணி பெற்றோரின் முனைப்பையும், அக்கறையுள்ள ஆசிரியர் ஒருவர் வாய்ப்பதையும் பொறுத்தே அமைகிறது.

அந்த ஆசிரியர் வாய்ப்பதும் எளிதாக இல்லை. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்க நிலையில் 10 மாணவர்களுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட நிலைகளில் 15 மாணவர்களுக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்க வேண்டும் என உத்தரவிட்டது. அதன் பின்னரும் பணியிடங்களை உருவாக்கி நிரப்புமாறு மாநிலங்களுக்கு 2025இல் நீதிமன்றம் மீண்டும் அறிவுறுத்த நேர்ந்தது.

தொடங்கும் வயது 14

பிள்ளைக்கு 17 வயது ஆன பிறகு ஓராண்டில் அனைத்தையும் கற்பித்துவிடலாம் என்ற எண்ணம் பல குடும்பங்களில் உள்ளது. தேநீர் போடுதல், தனியே பேருந்தில் செல்லுதல், கடையில் பொருள் வாங்குதல் போன்ற ஒவ்வொரு திறனும் பழக்கமாவதற்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். எனவே எட்டாம் அல்லது ஒன்பதாம் வகுப்பிலேயே, அதாவது 13 அல்லது 14 வயதில், திட்டம் உருப்பெற்றால்தான் 18 வயதில் பலன் தெரியும்.

திட்டத்தின் முதல் வரி மாணவரின் விருப்பமாக இருக்க வேண்டும். பேச்சு வராத பிள்ளையிடமும் விருப்பத்தைக் கேட்க முடியும். படங்களைக் காட்டித் தேர்வு செய்யச் சொல்லலாம். எந்த வேலையில் நீண்ட நேரம் ஈடுபடுகிறார், எந்தச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொள்கிறார் என்பதைக் கவனித்துக் குறித்துவைக்கலாம். 'இவனுக்கு என்ன தெரியும்' என்று பிள்ளையின் முன்னாலேயே பெற்றோர் கூறும் கூட்டங்களில் பெரும்பாலும் நல்ல திட்டம் உருவாவதில்லை.

செகந்தராபாத்தில் 1984இல் தொடங்கப்பட்ட தேசிய அறிவுசார் குறைபாடுடையோர் நிறுவனம், சிறப்புப் பள்ளிகளுக்கென ஒரு செயல்திறன் மதிப்பீட்டுப் பட்டியலை உருவாக்கியுள்ளது. தன் பணிகளைத் தானே செய்தல், பழகும் திறன், படிப்பு, தொழில் சார்ந்த திறன், பொழுதுபோக்கு ஆகிய தலைப்புகளில் மாணவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை இது அளவிடுகிறது. இப்பட்டியலின் மேல்நிலை, தொழிற்பயிற்சிக்கு முந்தைய கட்டம். 16 வயது மாணவரின் இலக்காக இன்னும் 'மாதங்களின் பெயர்களை எழுதுதல்' என்றே ஆண்டுதோறும் எழுதப்பட்டு வந்தால், அதைக் கேள்விக்கு உள்ளாக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. அதே நேரத்தில் செல்பேசியில் நேரம் பார்த்து மாத்திரை எடுத்துக்கொள்ளக் கற்பித்திருக்கலாம்.

தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் பத்து நாள்கள் புத்தகப் பையின்றித் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்ற உள்ளூர்க் கைவினைஞர்களிடம் பழக வேண்டும் எனக் கூறுகிறது. அந்த நாள்களில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளையை வீட்டில் இருக்கச் சொல்லாமல் உடன் அழைத்துச் செல்வதே, கூடுதல் செலவின்றிப் பள்ளி செய்யக்கூடிய முதல் ஏற்பாடு.

கடைத்தெருவே வகுப்பறை

ஒரு திறனைச் சிறு படிகளாகப் பிரித்துக் கற்பிப்பதே சிறப்புக் கல்வியின் அடிப்படை முறை. தேநீர் போடுவதையே எடுத்துக்கொண்டால், பாத்திரத்தை எடுப்பது, நீரை அளந்து ஊற்றுவது, அடுப்பைப் பற்றவைப்பது, தூளும் பாலும் சர்க்கரையும் சேர்ப்பது, பொங்கும்போது தணலைக் குறைப்பது, அடுப்பை அணைப்பது, வடிகட்டுவது, குவளையில் ஊற்றுவது எனப் பல படிகள் அதில் அடங்கியுள்ளன. பலருக்குக் கடைசிப் படியிலிருந்து தொடங்குவது பயன் தருகிறது. மற்ற அனைத்தையும் தாய் செய்துவிட, குவளையில் ஊற்றுவதை மட்டும் பிள்ளை செய்கிறது. அது பழகியதும் வடிகட்டுவதும் பிள்ளையின் வேலையாகிறது. இம்முறையில் ஒவ்வொரு நாளும் வேலையை முடித்துவைப்பது பிள்ளையே. முடித்த தேநீரைப் பிறருக்குக் கொடுக்கும் மகிழ்ச்சியும் பிள்ளைக்கே.

உதவியை விலக்கிக்கொள்வதற்கும் ஒரு முறை உண்டு. கையைப் பிடித்துச் செய்யவைப்பதும், சைகை காட்டுவதும் படிப்படியாகக் குறைக்கக்கூடியவை. வாயால் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் விலக்குவதற்குக் கடினமான உதவி. 'அடுத்து சோப்புப் போடு, அடுத்து தண்ணீர் ஊற்று' என்று பத்தாண்டுகள் கேட்டு வளர்ந்தவர், அந்தக் குரல் இல்லாத குளியலறையில் அசையாமல் நிற்கிறார். இதனாலேயே சுவரில் ஒட்டிய படவரிசையைப் பார்த்து அடுத்த படிக்குச் செல்லப் பழக்குவது பரிந்துரைக்கப்படுகிறது. அம்மாவின் குரலைப் போலன்றி, படவரிசையைப் பையில் எடுத்துச் செல்லலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, வகுப்பறையில் காகித நோட்டுகளை வைத்துக் கற்றது கடையில் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. உண்மையான பணம், உண்மையான கடை, பின்னால் வரிசையில் நிற்கும் பொறுமையற்ற வாடிக்கையாளர் ஆகிய அனைத்தும் பயிற்சியின் பகுதிகளே. கூட்டல் கழித்தல் வராத மாணவருக்கு 'அடுத்த பத்து ரூபாய்' என்ற எளிய வழி உதவும். விலை 37 ரூபாய் என்றால் 40 ரூபாய் கொடுத்துவிட்டு மீதிக்காகக் காத்திருப்பது. 52 என்றால் 60 கொடுப்பது. எண்களை வாசிக்க இயலாதவர்கள்கூட நிறத்தைக் கொண்டு நோட்டுகளைப் பிரித்தறிகிறார்கள். தற்போதைய வரிசையில் 100 ரூபாய் இளம் ஊதா, 200 ரூபாய் பளிச்சிடும் மஞ்சள், 500 ரூபாய் கற்சாம்பல் நிறத்தில் உள்ளன.

தெருவோரக் கடைகளிலும் யுபிஐ வந்துவிட்டதால் கணக்கிடும் சிரமம் குறைந்துள்ளது. மோசடிக்கு ஆளாகும் ஆபத்து கூடியுள்ளது. குறைந்த இருப்புள்ள தனிக் கணக்கை மட்டும் செல்பேசியுடன் இணைப்பது ஒரு தீர்வு. 2024இல் அறிமுகமான 'யுபிஐ சர்க்கிள்' வசதியில், குடும்பத்தினர் ஒருவர் தமது கணக்கிலிருந்து வரம்புக்குட்பட்ட தொகையைச் செலவிட இன்னொருவருக்கு அனுமதி அளிக்கலாம். சிறார் கணக்குகள் குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 10 வயதுக்குக் குறையாத சிறார் தாங்களே சேமிப்புக் கணக்கைத் தொடங்கி இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம். ஆகவே வங்கிக்குச் சென்று பணம் எடுக்கும் பயிற்சியையும் 18 வயது வரை தள்ளிப்போட வேண்டியதில்லை.

பேருந்துப் பயணத்தில் சரியாகச் செல்வதைவிடத் தவறும்போது என்ன செய்வது என்பதையே அதிகம் பழக்க வேண்டியிருக்கிறது. முதலில் பெற்றோர் அருகில் அமர்வர். பிறகு நான்கு இருக்கைகள் தள்ளி. பிறகு இறங்கும் நிறுத்தத்தில் காத்திருப்பர். இதன் பின்னர் வேண்டுமென்றே ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கச் செய்து, நடத்துநரிடமோ கடைக்காரரிடமோ முகவரி அட்டையைக் காட்டி உதவி கேட்கவைக்கின்றனர் சில பயிற்சியாளர்கள். 112 என்ற அவசர எண்ணை எப்போது அழைக்க வேண்டும், எப்போது அழைக்கக் கூடாது என்பதும் இதே பாடத்தில் அடங்கும்.

பாதிப்புக்கு ஏற்ப மாறும் பாடம்

பார்வையற்ற மாணவருக்கு வெண்கோலுடன் தனியே நடமாடும் பயிற்சி, திரைவாசிப்பான் மென்பொருள் ஆகிய இரண்டுமே சுயசார்பின் திறவுகோல்கள். கணினிக்கான என்விடிஏ திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. ரூபாய் நோட்டின் மதிப்பைக் குரலில் அறிவிக்கும் 'மணி' செயலியை ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்டது. செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கு மொழியே முதல் தேவை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் இந்தியச் சைகை மொழி தற்போது ஒரு மொழிப் பாடமாக உள்ளது. சக்கர நாற்காலியில் இயங்கும் மாணவருக்கோ, நாற்காலியிலிருந்து கழிப்பறை இருக்கைக்குத் தானே மாறிக்கொள்ளும் திறன் ஒன்றே கல்லூரி விடுதியில் சேர முடியுமா என்பதைத் தீர்மானிக்கக்கூடும்.

டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு உள்ளவர்கள் பார்வைக்கு எந்தச் சிரமமும் இல்லாதவர்களாகத் தெரிவதால், உதவி கேட்கும்போது சந்தேகத்துக்கு ஆளாகின்றனர். தமக்கு என்ன கடினம், எந்த ஏற்பாடு செய்தால் அது எளிதாகும் என்பதை இரண்டு வாக்கியங்களில் பிறருக்கு விளக்கக் கற்றுக்கொள்வதே இவர்களுக்கான முக்கியப் பயிற்சி. எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் பாதிப்புள்ள குடிமைப் பணித் தேர்வர் ஒருவர் தொடுத்த வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவருக்கு உதவி எழுத்தர் பெறும் உரிமை உண்டு எனத் தீர்ப்பளித்தது. 40 சதவீதப் பாதிப்பு என்ற அளவுகோலை எட்டாதவர்களுக்கும் நியாயமான வசதி செய்து தரப்பட வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

வழக்கமான பாடத்திட்டம் பொருந்தாதவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி ஒரு மாற்று. பத்தாம் வகுப்புப் பாடங்களை ஒரே ஆண்டில் முடிக்க வேண்டிய அவசியமின்றி, ஐந்தாண்டுகளில் ஒன்பது வாய்ப்புகளில் ஒவ்வொன்றாக எழுதி முடிக்கலாம்.

உடலைப் பற்றிப் பேசத் தயங்கும் வீடுகள்

சுயசார்புப் பயிற்சியில் பெரும்பாலும் விடுபடும் பகுதி இது. அறிவு வளர்ச்சி தாமதமானாலும் உடல் வளர்ச்சி உரிய வயதில் நிகழ்கிறது. மாதவிடாய் தொடங்குவதற்கு முன்பே, அணையாடையை மாற்றும் முறையைப் பொம்மையிலும் பின்னர் உள்ளாடையிலும் வைத்துப் பழக்குவது, முதல் நாளின் அச்சத்தைத் தவிர்க்கும். ஆண் பிள்ளைகளுக்கும் எது தனி அறையில் செய்ய வேண்டியது, எது பிறர் முன் செய்யலாம் என்பதை இடங்களின் படங்களைக் காட்டித் தெளிவாகக் கற்பிக்க வேண்டியுள்ளது.

பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு நடப்பதே நற்பண்பு என்று பழக்கப்பட்ட பிள்ளை, தவறாகத் தொடுபவரையும் தடுப்பதில்லை. 'வேண்டாம்' என்று மறுக்கும் உரிமையை உணவுத் தட்டிலும் உடைத் தேர்விலும் அனுமதித்த வீட்டில்தான், ஆபத்து நேரத்தில் அச்சொல் பிள்ளையின் வாயில் வரும். குழந்தையின் உடல் அல்லது மனக் குறைபாட்டைப் பயன்படுத்தி இழைக்கப்படும் பாலியல் குற்றத்தைப் போக்சோ சட்டம் கடும் தண்டனைக்குரிய தீவிரக் குற்றமாகக் கருதுகிறது. எனினும் புகார் எழுவதற்கு, நடந்ததைத் தெரிவிக்கும் சொற்களோ படங்களோ அக்குழந்தையிடம் இருந்தாக வேண்டும். உடல் உறுப்புகளின் பெயர்களைத் தொடர்புப் பலகையிலிருந்து நாகரிகம் கருதி நீக்கிவிடும் வழக்கம் இதனால் ஆபத்தானது.

பாதுகாவலர் தேவையா?

பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் பெற்றோர் என்ற முறையிலான இயல்பான பாதுகாவலர் தகுதி முடிவுக்கு வருகிறது. வங்கியிலோ சொத்துப் பதிவிலோ கையெழுத்துப் பிரச்சினை எழும்போதுதான் பல குடும்பங்களுக்கு இது தெரியவருகிறது.

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு பாதிப்புகள் உள்ளோருக்குப் பாதுகாவலரை நியமிக்கலாம். இதற்கான அதிகாரம் மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் மட்டக் குழுவிடம் உள்ளது. தொண்டு நிறுவனப் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் அதன் பிற உறுப்பினர்கள். நியமிக்கப்படும் பாதுகாவலர், பெற்றோராகவே இருந்தாலும், சொத்து விவரத்தை ஆறு மாதங்களுக்குள் தாக்கல் செய்து ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். இக்குழுக்கள் வழங்கும் சான்றிதழை ஏற்று வங்கிக் கணக்கு தொடங்கலாம் என ரிசர்வ் வங்கி 2007இலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது.

2016ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு பார்வையை முன்வைக்கிறது. மாற்றுத்திறனாளிகள் மற்றவர்களுக்கு இணையான சட்டத் தகுதி உடையவர்கள் என 13ஆவது பிரிவு கூறுகிறது. போதிய ஆதரவு அளித்த பின்னரும் சட்டப்படி செல்லத்தக்க முடிவை ஒருவரால் எடுக்க இயலாத நிலையில் மட்டுமே, குறிப்பிட்ட முடிவுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கும் உரிய வரையறுக்கப்பட்ட பாதுகாவலரை 14ஆவது பிரிவின் கீழ் நியமிக்கலாம். அவரும் அந்த நபருடன் கலந்தாலோசித்து, இருவரும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும்.

இரு சட்டங்களும் அருகருகே நடைமுறையில் உள்ளன. தீவிர பாதிப்புள்ள பிள்ளையின் பெயரில் சொத்து இருந்தால் பாதுகாவலர் நியமனம் தவிர்க்க இயலாததாக இருக்கலாம். கூட்டுக் கணக்கும் எளிய மொழியில் விளக்கமும் போதுமான ஒருவருக்கு, 18ஆவது பிறந்தநாளுக்கு மறுநாளே பாதுகாவலர் விண்ணப்பம் அளிப்பது, பத்தாண்டுகள் கற்பித்ததை ஒரே கையெழுத்தில் திரும்பப் பெறுவதற்கு ஒப்பாகும்.

வாக்குரிமையிலும் இதே குழப்பம் நிலவுகிறது. தகுதி வாய்ந்த நீதிமன்றம் மனநிலை சரியில்லாதவர் என அறிவித்தால் மட்டுமே வாக்காளர் பட்டியலில் இடம்பெறும் தகுதியை ஒருவர் இழக்கிறார். மாற்றுத்திறனாளி சான்றிதழ் வைத்திருப்பது அதற்குக் காரணமாகாது. 17 வயது நிறைந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். தாமே வாக்களிக்க இயலாத பார்வையற்றவர்களும் உடல் இயலாமை உள்ளவர்களும் வாக்குச்சாவடிக்குள் 18 வயது நிறைந்த துணைவர் ஒருவரை அழைத்துச் செல்ல விதிகள் அனுமதிக்கின்றன.

மெழுகுவத்திக்கு அப்பால்

சிறப்புப் பள்ளிகளின் தொழிற்பயிற்சிக் கூடங்கள் பலவற்றில் மெழுகுவத்தி, காகிதப் பை, அகல்விளக்கு ஆகியவையே ஆண்டுக்கணக்கில் தயாரிக்கப்பட்டு வருகின்றன. கண்காட்சிகளில் அவை இரக்கத்தின் பேரில் விற்கின்றன. மாத வருமானமாக மாறுவதில்லை. முதலில் பல ஆண்டுகள் பயிற்சி, பிறகு வேலை என்ற பழைய முறைக்கு மாற்றாக, முதலில் உண்மையான பணியிடத்தில் அமர்த்தி, பணித் துணைவர் ஒருவர் உடனிருந்து அங்கேயே கற்பித்து, படிப்படியாக விலகிக்கொள்ளும் முறை இப்போது முன்வைக்கப்படுகிறது.

2017இல் கர்நாடகத்தின் ஹுப்பள்ளியில் தொடங்கிய 'மிட்டி கஃபே' இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அறிவுசார் குறைபாடு உள்ளிட்ட பாதிப்புகள் உடையவர்களே இந்த உணவகங்களை நடத்துகின்றனர். அதன் கிளை ஒன்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்ற வளாகத்தில் திறக்கப்பட்டது. லெமன் ட்ரீ விடுதிக் குழுமம் 2007 முதலே செவித்திறன் குறைந்தோரைப் பணியில் அமர்த்தி வருகிறது. சமையலறையிலும் உணவுக்கூடத்திலும் வேலை தெளிவான படிகளாகப் பிரிந்திருப்பதும், அதே வேலை நாள்தோறும் திரும்ப வருவதும் இத்துறை பொருந்துவதற்குக் காரணங்கள். கணினித் தரவுப் பதிவு, நூலகம், நாற்றங்கால், சலவையகம், பொதிகட்டும் கூடம் ஆகியவற்றிலும் இத்தன்மை உண்டு.

தனியார் துறைக்குக் கட்டாய ஒதுக்கீடு இல்லை. பணியாளர்களில் குறைந்தது 5 சதவீதத்தினர் மாற்றுத்திறனாளிகளாக இருக்கும் நிறுவனங்களுக்கு ஊக்கச் சலுகை அளிக்க 35ஆவது பிரிவு இடமளிக்கிறது. பணியில் சேர்ந்தவர் வேலையை இழப்பதற்குத் திறன் குறைவைவிட நேரத்துக்கு வராமை, இடைவேளையில் பழகத் தெரியாமை, மேலாளர் மாறியதும் ஏற்படும் பதற்றம் ஆகியவையே அடிக்கடி காரணமாகின்றன. இவற்றைப் பள்ளியிலேயே பழக்க முடியும். காலையில் வருகைப் பதிவேட்டை எடுத்துச் செல்வது, நூலகத்தில் புத்தகம் அடுக்குவது போன்ற நிலையான பொறுப்பை ஒன்பதாம் வகுப்பில் ஒப்படைத்து, அதை வேறொரு ஆசிரியரின் மேற்பார்வையில் செய்யவைப்பது நல்ல தொடக்கம்.

ஆவணங்களுக்கும் கால அட்டவணை

மாற்றுத்திறனாளிகளில் 28.8 சதவீதத்தினரிடம் மட்டுமே சான்றிதழ் இருந்ததாக 2018ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வு கண்டறிந்தது. குழந்தைப் பருவத்தில் வழங்கப்படும் சான்றிதழ்கள் பல தற்காலிகமானவை. 18 வயதை ஒட்டி மறுமதிப்பீடு செய்து நிரந்தரச் சான்றிதழும் யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டையும் பெறுவது, பிந்தைய அனைத்து விண்ணப்பங்களுக்கும் அடிப்படை. பள்ளியை விட்டு வெளியேறும் முன் இதை முடித்துவிட்டால், மதிப்பீட்டு அறிக்கைகளைப் பள்ளியிலிருந்து பெறுவது எளிது.

தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டம் மேற்கண்ட நான்கு பாதிப்புகள் உடையோருக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு அளிக்கிறது. இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியம் 18 வயதில் தொடங்குகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பதும் 80 சதவீதப் பாதிப்பும் அதற்கான நிபந்தனைகள். மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய் மட்டுமே. மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்த்து வழங்குகின்றன. மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளில், பாதிப்பின் காரணமாகப் பொருளீட்ட இயலாதவர்களுக்கு வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் பெறும் வாய்ப்பு உண்டு. ஊழியர் பணியில் இருக்கும்போதே பிள்ளையின் விவரம் அலுவலகப் பதிவில் சேர்க்கப்பட்டிருந்தால் பிற்கால அலைச்சல் குறையும்.

வீட்டுக்கு வெளியே ஓர் இரவு

பெற்றோர் இல்லாத வீட்டில் ஓர் இரவைக்கூடக் கழித்திராத 40 வயது நபர், தாயின் மறைவுக்கு மறுநாள் முன்பின் அறியாத இல்லத்துக்கு அழைத்துச் செல்லப்படுவதே இந்நாட்டில் இன்றும் நிகழும் மாற்றம். இதைத் தவிர்க்கும் பயிற்சி சிறிய அளவில் தொடங்குகிறது. முதலில் அத்தை அல்லது சித்தப்பா வீட்டில் ஓர் இரவு. பிறகு பள்ளி நடத்தும் இரண்டு நாள் முகாம். அதன் பின்னர் குறுகிய காலத் தங்கல். தேசிய அறக்கட்டளையின் 'சமர்த்' திட்டம் இத்தகைய தற்காலிகத் தங்கலுக்கும், 'கரோண்டா' திட்டம் வயது வந்தோருக்கான நீண்ட கால இல்லங்களுக்கும் உரியவை. நாடு முழுவதற்குமான தேவையுடன் ஒப்பிட இவ்வில்லங்கள் மிகக் குறைவு.

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம், தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம் போன்ற அமைப்புகள் பயிற்சிக்கும் குடும்பங்களுக்கான வழிகாட்டுதலுக்கும் அறியப்பட்டவை. முதல் இரவுத் தங்கலுக்குப் பிள்ளையை அனுப்பும்போது, உணவுப் பழக்கம், மருந்து நேரம், அஞ்சும் ஒலிகள், தூங்கும் முறை, மகிழ்ச்சியையும் வலியையும் வெளிப்படுத்தும் விதம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கொடுத்தனுப்புவது வழக்கம். ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும் அந்தத் தாளை, இயன்றவரை பிள்ளையையும் உடன் வைத்துக்கொண்டே எழுதுமாறு சிறப்பாசிரியர்கள் பெற்றோரைக் கேட்டுக்கொள்கின்றனர்.